பிஎச்பி அரேயை ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொடுத்தால் சின்டாக்ஸ் எரர்

கேள்வி:
பிஎச்பி அரேயில் (பட்டியலில்) உள்ள வாடிக்கையாளர் பெயர்களை இம்ப்ளோட் (பட்டியலை ஒரே எழுத்துச் சரமாக இணைக்கும் ஃபங்ஷன்) மூலம் ஒற்றை மேற்கோளுக்குள் கோத்து, ஜாவாஸ்கிரிப்ட் இருக்கும் ஸ்கிரிப்ட் டேக்கில் எக்கோ செய்கிறேன் (அச்சிடுகிறேன்). டி'சூசா என்ற பெயர் வந்தாலே பக்கம் நின்றுவிடுகிறது. மேற்கோளுக்கு முன் பின்சாய்வுக்கோடு சேர்க்கும் ஆட்ஸ்லாஷஸ் போட்டால் போதுமா?

பதில் 1:
போதாதுங்க. பெயருக்குள் இருக்கும் மேற்கோள் சரத்தை அங்கேயே முடித்துவிடுகிறது. ஆட்ஸ்லாஷஸ் அதைச் சமாளிக்கும். ஆனால் முகவரி போன்ற தரவில் ஒரு வரி முறிவு வந்தால் மறுபடி உடையும். கையால் கோக்கவே வேண்டாம். முழு அரேயையும் ஜேசன் என்கோடுக்கு (தரவை ஜாவாஸ்கிரிப்ட் புரிந்துகொள்ளும் வடிவில் தரும் பிஎச்பி ஃபங்ஷன்) கொடுத்து, வருவதை சமக்குறிக்குப் பின் அப்படியே எக்கோ செய்யுங்கள். சுற்றி மேற்கோள் போடாதீர்கள், பலர் தவறுவது இங்கேதான். < > குறிகளை மாற்றி எழுதும் ஜேசன் ஹெக்ஸ் டேக் ஃபிளாகையும் (கூடுதல் விருப்பம்) சேர்த்துவிடுங்கள். அப்போது தரவில் ஸ்கிரிப்டை மூடும் டேக் இருந்தாலும் ஆபத்தில்லை.

பதில் 2:
தரவு யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் இல்லையென்றால் ஜேசன் என்கோட் ஃபால்ஸ் (தோல்வி) என்று திருப்பித் தரும். அதை எக்கோ செய்தால் வெறுமைதான். சமக்குறிக்குப் பின் நேராக அரைப்புள்ளி வரும், பிரவுசர் அதைத்தான் குறை சொல்லும். பிஎச்பி 7.3 முதல் ஜேசன் த்ரோ ஆன் எரர் ஃபிளாக் இருக்கிறது. போட்டால் காரணம் தெரிந்துவிடும். டேட்டாபேஸ் இணைப்பை யூடிஎஃப்8எம்பி4-க்கு (மைஎஸ்கியூஎலில் முழு யூடிஎஃப்-8) மாற்றிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
பிழை போனது, நன்றி. இப்போது அரேயின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபார்ஈச் ஃபங்ஷனே இல்லை என்கிறது பிரவுசர்.

பதில் 1:
சில உறுப்புகளை நீக்க அரே ஃபில்டர் போட்டிருப்பீர்கள். அது பழைய கீகளை (வரிசை எண்களை) அப்படியே விட்டுவைக்கும். 0, 2, 5 என இடைவெளி விழுந்தால் ஜேசன் என்கோட் அதை அரேயாக அல்லாமல் ஆப்ஜெக்டாக்கிவிடும்; ஆப்ஜெக்டில் ஃபார்ஈச் கிடையாது. என்கோடுக்கு முன், கீகளை 0, 1, 2 என மீண்டும் வரிசைப்படுத்தும் அரே வேல்யூஸ் வழியாக அனுப்புங்கள்.