உபுண்டு 22.04: ஆட்டோ அப்டேட் ஓடுகிறது, ஆனாலும் பேக்கேஜ்கள் பாக்கி நிற்கின்றன

கேட்டவர்:
உபுண்டு 22.04 சர்வரில் அன்அட்டென்டெட்-அப்கிரேட்ஸ் (அப்டேட்களைத் தானாக ஏற்றும் வசதி) ஆன் செய்திருக்கிறேன். லாகில் தினமும் 'நோ பேக்கேஜஸ் ஃபவுண்ட்' என்றுதான் வருகிறது. 'ஏபிடி லிஸ்ட் --அப்கிரேடபிள்' அடித்தால் 14 பேக்கேஜ் காட்டுகிறது. பேசாமல் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் வசதி) 'ஏபிடி-கெட் அப்கிரேட் -ஒய்' போட்டுவிடலாமா?

பதில் 1:
கிரான் வேண்டாங்க. 'ஏபிடி-கெட் அப்கிரேட்' புதுப் பேக்கேஜ் எதையும் சேர்க்காது. உபுண்டுவில் கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) அப்டேட் பெரும்பாலும் புதுப் பெயருள்ள பேக்கேஜாகத்தான் வரும். மற்றதெல்லாம் ஏறிவிடும், கர்னல் மட்டும் 'கெப்ட் பேக்' என்று நின்றுவிடும். விட்டுப்போகக் கூடாததே அதுதான்.

அந்த 14 வரியிலும் பேக்கேஜ் பெயருக்குப் பிறகு சாய்கோடு போட்டு என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'ஜாமி-செக்யூரிட்டி' இருந்தால் பாதுகாப்பு அப்டேட் (ஜாமி என்பது 22.04-இன் பெயர்). வெறும் 'ஜாமி-அப்டேட்ஸ்' என்றால் சாதாரணப் பிழைத்திருத்தம். இந்த வசதியின் அமைப்புகள் உள்ள 50அன்அட்டென்டெட்-அப்கிரேட்ஸ் ஃபைலில் 'அப்டேட்ஸ்' வரி தொடக்கத்திலிருந்தே கமென்ட் ஆகித்தான் (முடக்கப்பட்டு) இருக்கும், அதனால் தானாக ஏறாது. பிறகு 'சூடோ அன்அட்டென்டெட்-அப்கிரேட் --ட்ரை-ரன் --டீபக்' ஓட்டுங்கள். எதை ஏன் விட்டது என்று அதுவே சொல்லும்.

கேட்டவர்:
11 வெறும் அப்டேட்ஸ். 2 டாக்கர் (செயலிகளைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) ரெப்போவிலிருந்து. செக்யூரிட்டி ஒன்றே ஒன்று, அதற்கு 'ஹேஸ் கான்ஃபைல் ப்ராம்ப்ட்' என்று வருகிறது.

பதில் 1:
அந்த ஒன்றுதான் அவசரம். நீங்கள் கையால் திருத்திய கான்ஃபிக் ஃபைலுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. எதை வைத்துக்கொள்வது என்று கேட்க ஆள் இல்லாததால் அப்படியே விட்டுவிட்டது. 'ஏபிடி இன்ஸ்டால் --ஒன்லி-அப்கிரேட்' கொடுத்து அதை மட்டும் கையால் ஏற்றுங்கள். கேள்வி வரும்போது டி அழுத்தினால் வித்தியாசம் தெரியும், என் அழுத்தினால் உங்கள் ஃபைல் தங்கும், புதியது 'டிபிகேஜி-டிஸ்ட்' வாலோடு பக்கத்தில் கிடக்கும்.

டாக்கரைத் தானாக ஏற்ற, அதே 50அன்அட்டென்டெட்-அப்கிரேட்ஸ் ஃபைலின் 'அலவ்ட்-ஆரிஜின்ஸ்' பகுதியில் 'டாக்கர்:ஜாமி' சேர்த்தால் போதும். ஆனால் 'லைவ்-ரிஸ்டோர்' (டாக்கர் நின்றாலும் கன்டெய்னர்களை ஓடவிடும் அமைப்பு) ஆன் ஆகாத சர்வரில் அப்டேட்டின்போது கன்டெய்னர்கள் நின்றுபோகும். நானாக இருந்தால் அதைக் கையால்தான் செய்வேன்.

பதில் 2:
இன்னொன்று. கர்னல் ஏறியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், ரீபூட் ஆகும்வரை பழைய கர்னல்தான் ஓடும். வார்/ரன்-க்குள் 'ரீபூட்-ரெக்வயர்ட்' ஃபைல் இருந்தால் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அதே அமைப்பு ஃபைலில் 'ஆட்டோமேட்டிக்-ரீபூட்' முன்னிருப்பில் ஃபால்ஸ். ட்ரூ ஆக்கினால் 'ஆட்டோமேட்டிக்-ரீபூட்-டைம்' வரியையும் 02:00 மாதிரி நிரப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அப்டேட் முடிந்த கையோடு ரீபூட் ஆகிவிடும்.

கேட்டவர்:
நன்றி, ஏறிவிட்டது. அப்டேட் காலை ஆறு மணிக்கு மேல்தான் ஓடுகிறது. ராத்திரிக்கு மாற்ற முடியுமா? அப்டேட்டைத் தொடங்கிவைக்கும் டைமரில் வேறு நேரம் கொடுத்தேன், இப்போது இரண்டு நேரத்திலும் ஓடுகிறது.

பதில் 2:
'சிஸ்டம்சிடிஎல் எடிட் ஏபிடி-டெய்லி-அப்கிரேட்.டைமர்' திறந்து, டைமர் பகுதியில் முதலில் வெறும் 'ஆன்காலண்டர்=' என்று ஒரு வரி, அதன் கீழே புது நேரத்தோடு இன்னொரு வரி. அந்தக் காலி வரிதான் பழைய நேரத்தை அழிக்கும். ரேண்டம் தாமதம் 60 நிமிடம் அப்படியே இருக்கும், ஆகவே 1 மணி கொடுத்தால் 2-க்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். ரீபூட்டை 3 மணிக்குத் தள்ளி வையுங்கள்.