இத்தாலியில் ஜூன் மாத வெயிலும் புழுக்கமும்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

மயிலாப்பூர் வாசி:
சென்னைக்காரனுக்கு இத்தாலி வெயில் ஒரு வெயிலா என்று கேட்டுக்கொண்டேதான் நாங்களும் கிளம்பினோம். டிகிரியை மட்டும் பார்த்தால் அந்தப் பேச்சில் தப்பில்லை. ஜூன் பிற்பாதியில் ரோமில் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் நம் ஊரில் உச்சி வெயிலில் யார் நடக்கிறார்கள்? அங்கே சுற்றிப் பார்ப்பது என்றாலே நடைதான். இருட்ட ஒன்பது மணி ஆகிவிடும். மாலை ஆறு மணிக்கும் வெயில் முகத்தில் அடிக்கும். பழைய ரோமின் இடிபாடுகள் இருக்கும் ரோமன் ஃபோரத்தில் நிழல் என்று ஒதுங்க இடம் தேட வேண்டும்.

காப்பாற்றியது நாசோனே என்கிற தெருவோரத்துக் குடிநீர்க் குழாய்கள். 1874-இல் தொடங்கி வைத்தவை, இன்றும் ஊர் முழுக்க இரவும் பகலும் ஓடுகின்றன. தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது, காசும் கிடையாது. பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி வந்து, குழாயின் வாயை விரலால் அடைத்துக் காட்டினார். வளைவின் மேலிருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டது; குனிந்து வாயை வைத்தால் போதும். என் பையன் அப்புறம் ஒரு குழாயையும் விடவில்லை, சட்டையெல்லாம் ஈரம்.

கோவை அக்கா:
ரோம் பரவாயில்லை தம்பி, சாயங்காலமாவது கடல் பக்கமிருந்து காற்று வரும். ஃப்ளோரன்ஸ் போய்ப் பாருங்கள். ஆர்னோ ஆற்றுப் பள்ளத்தில் இருக்கிற ஊர், சுற்றிலும் குன்றுகள், இலை அசையாது. நாங்கள் எடுத்தது ஓட்டுக் கூரைக்கு நேர் கீழே மாடி அறை. ஏசி இல்லை, சீலிங் ஃபேனும் இல்லை. காற்று வரட்டும் என்று நான் ஜன்னலைத் திறந்து வைக்க, வீட்டுக்கார அம்மா வந்து மரக் கதவுகளைப் படபடவென்று சாத்திவிட்டுப் போனார். பகல் முழுக்க மூடி, இரவில்தான் திறக்க வேண்டுமாம். முதலில் கடுப்பாக இருந்தது. மறுநாள் மதியம் வெளியே போய்த் திரும்பியபோது அறை குளுகுளு என்று சொல்ல முடியாவிட்டாலும், படுக்க முடிந்தது.

ஃப்ளோரன்ஸின் பெரிய தேவாலயத்துக் குவிமாடம் ஏற நினைப்பவர்கள் காலை முதல் நேரத்துக்கே டிக்கெட் எடுங்கள். 463 படி, லிஃப்ட் கிடையாது. மேலே போகப் போக இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஒருவர் பின் ஒருவராக ஏற வேண்டும். வெயில் படாது, ஆனால் மூச்சு முட்டும்.

தேவாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்தான், அதற்காக இந்த வெயிலில் ஜீன்ஸ் எடுத்துப் போகாதீர்கள். பருத்திச் சுடிதாரும் துப்பட்டாவும் போதும்.

ரயில் பிரியன்:
மிலானை யாரும் சொல்லவில்லையே? வடக்கே ஆல்ப்ஸ், தெற்கே அப்பெனைன் மலை, நடுவில் போ ஆற்றுச் சமவெளி. காற்று அங்கேயே தேங்கி நிற்கும். அந்தப் புழுக்கத்துக்கு நம் கடற்கரை ஊர்க் கசகசப்பே தேவலை. மதியத்துக்கு என் ஓட்டு பொலோன்யாவுக்குத்தான். நகர மையத்தில் பெரும்பாலும் தூண் வைத்த நடைபாதைக் கூரைக்கு அடியிலேயே போகலாம். ஊர் முழுக்கச் சேர்த்தால் இந்த நடைபாதைகள் 62 கிலோமீட்டர், 2021-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். நம் திண்ணை, தாழ்வாரம் பார்த்தவர்களுக்குப் பிடிக்கும்.

வெனிஸில் கொசு. ஓடோமாஸ் எடுத்துப் போங்கள், வேறு சொல்ல ஒன்றுமில்லை. கால் வலிக்கிறதென்று பாலத்துப் படியில் கடை விரித்துச் சாப்பிட உட்கார்ந்தால் அபராதம். ரோமில் ஸ்பானியப் படிகளிலும் 2019 முதல் உட்காரக் கூடாது.

மயிலாப்பூர் வாசி:
வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று. இத்தாலியச் சுகாதார அமைச்சகம் கோடையில் 27 நகரங்களுக்கு வெப்ப எச்சரிக்கை வெளியிடுகிறது. சிவப்பு என்று வந்தால் அன்று மதியம் அருங்காட்சியகம் அல்லது தூக்கம், இரண்டில் ஒன்று. மே கடைசியில் போக முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஜூன் 2 குடியரசு நாள். அணிவகுப்புக்காகக் கொலோசியம் பக்கத்துச் சாலையை அடைத்துவிடுவார்கள், அன்றைக்கு அங்கே டிக்கெட் போடாதீர்கள்.