மறு: பிரீகண்டிஷனிங்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

மின் காடியை (கார்தான்) ஆள் ஏறுவதற்கு முன்பே குளிர்வித்தோ சூடாக்கியோ தயார் செய்வதைத்தான் ஆங்கிலத்தில் பிரீகண்டிஷனிங் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். கை துறுதுறுத்தாலும் எழுதவில்லை. இங்கே எழுதுகிறவர்களில் பாதிப் பேர் தமிழாசிரியர்கள். நானோ கோலாலம்பூர் செந்தூலில் காடி ஏர்கோன் (குளிர்சாதன) பட்டறை வைத்திருந்தவன். ஆனால் நேற்று "வாக்கெடுப்பு வைத்து முடித்துவிடலாம்" என்று பேச்சு வந்துவிட்டது. அதற்குள் என் பங்கையும் போட்டுவிடுகிறேன்.

(மகிழுந்து என்று எழுதாமல் காடி என்று எழுதுவதற்கு ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளியில் மகிழுந்து, பத்திரிகையில் மகிழுந்து, பட்டறையில் காடி. என் கை பட்டறைக் கை.)

> முன்நிலைப்படுத்தல் என்பதே மூலச்சொல்லுக்கு மிக நெருக்கமானது.

செராஸ் ஐயாவின் மடல் இது. நெருக்கம்தான் ஐயா, ஆனால் வாயில் சொல்லும்போது அது முன்னிலைப்படுத்தல் ஆகிவிடுகிறதே. அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது. கைப்பேசித் திரையில் "காடியை முன்னிலைப்படுத்து" என்று வந்தால், யாரோ விளம்பரத்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள் என்றுதான் நான் நினைப்பேன்.

> எங்களிடம் வளிச்சீராக்கி என்ற சொல் இருக்கிறது. ஆகவே முற்சீராக்கம்.

யாழ்ப்பாண நண்பர் சொன்ன இந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. சூடு, குளிர் எந்தப் பக்கமும் சாயாத சொல். பொறியியல் பாடநூலில் பொதுத் தலைப்பாக வைக்க இதைவிட நல்லது கிடைக்காது. ஆனால் வெயிலில் நிற்கிற ஆள் அமுக்கப்போகிற பொத்தானில் எழுத அது கொஞ்சம் கனம்.

பெரும்பாலோர் கைதூக்கியிருப்பது "முன்குளிரூட்டல்" என்பதற்கு. டொராண்டோ அன்பர் உடனே மறுத்துவிட்டார்: அவர் ஊரில் ஜனவரியில் இதே வேலை காடியைச் சூடாக்குவது, அதைப் போய்க் குளிரூட்டல் என்றால் எப்படி என்று. நியாயமான கேள்வி. அங்கிருந்துதான் எனக்கும் யோசனை பிடித்தது.

அந்த ஆங்கிலச் சொல் ஒன்றல்ல, மூன்று வேலைகளைச் சுமக்கிறது. ஆள் ஏறுவதற்கு முன் உட்புறத்தைக் குளிர்விப்பது ஒன்று. குளிர்நாடுகளில் அதையே சூடாக்குவது இன்னொன்று. மூன்றாவது பேட்டரியைப் பற்றியது. அதிவேக மின்னேற்றத்துக்குப் போகிற வழியிலேயே, பேட்டரி மின்சாரத்தை வாங்குவதற்குத் தோதான சூட்டுக்கு வரவேண்டும் என்று காடி தானே அதைத் தயார் செய்யும். பெரும்பாலும் அது சூடேற்றுவதாகத்தான் இருக்கும். ஆங்கிலக்காரர்கள் சோம்பேறித்தனத்தில் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். அந்த மூட்டையை அப்படியே நாம் ஏன் தலையில் தூக்க வேண்டும்? இணையம் என்ற சொல்லைத் தந்தவர் பக்கத்து ஊர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி என்பார்கள். அதில் ஆங்கிலச் சொல்லின் சாயல் கிடையாது. இணை என்ற வினை மட்டும்தான் இருக்கிறது. அதுதான் வழி என்று நினைக்கிறேன்.

அடுத்து "குளிரூட்டல்" என்ற சொல்லின் மேலேயே எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல். பட்டறைக்கு வேலை பழக வரும் பையன்களிடம் முதல் நாள் நான் சொல்வது, ஏர்கோன் குளிரை ஊட்டுவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது என்பதுதான். உள்ளே இருக்கும் கூலிங் காயில் என்ற குழாய்ச் சுருளில் கேஸ் (ஏர்கோனுக்குள் சுற்றிவரும் குளிர்பொருள்) ஆவியாகி, உள்காற்றின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்தி முன்பக்கக் கண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே சூடு வெளியேறுகிறது. நம் ஊரில் கூடுதலாக ஒரு வேலை: காற்றிலிருக்கும் ஈரத்தையும் பிழிந்து எடுக்கவேண்டும். காடிக்கு அடியில் சொட்டுகிற தண்ணீர் அதுதான். அதைப் பார்த்து "எஞ்சின் ஒழுகுது" என்று பதறி வந்தவர்கள் எத்தனையோ பேர்.

மின் காடியிலும் வித்தை இதேதான், இழுக்கிற கை மட்டும் வேறு. பெட்ரோல் காடியில் கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட் இழுக்கிறது. எஞ்சின் ஓடினால்தான் குளிர். மின் காடியில் கம்ப்ரசருக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தத்தில் அது தானே சுற்றுகிறது. அதனால்தான் ஆள் இல்லாமல், புகை இல்லாமல், மூடிய கார் பார்க்கில்கூட அது பாட்டுக்கு ஓட முடிகிறது. (பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: பழைய பழக்கத்தில் பெட்ரோல் காடிக் கம்ப்ரசருக்கு ஊற்றும் பிஏஜி எண்ணெயை அதில் ஊற்றிவிடாதீர்கள். அது மின்சாரத்தைக் கடத்தும், மின்காப்பு போய்விடும். இதற்கு பிஓஇ எண்ணெய்.) பல காடிகளில் இதே கம்ப்ரசர்தான் பேட்டரியையும் குளிர்விக்கிறது. கடும் வெயிலில் அதிவேக மின்னேற்றம் நடக்கும்போது உள்ளே குளிர் கொஞ்சம் மந்தமானால், பழுது என்று ஓடிவர வேண்டாம். பங்கு பிரித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வெயிலில் நின்ற காடிக்குள் எவ்வளவு சூடு என்று பங்சார் தங்கை கேட்டிருந்தார். அமெரிக்காவின் அரிசோனாவில் அளந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற காடிகளுக்குள் காற்று சராசரி 47 டிகிரி, டேஷ்போர்டு 69, ஸ்டீரிங் 53, இருக்கை 51. நிழலில் நின்றவற்றில் காற்று 38. அது பாலைவனம், நம் ஊர் அந்த அளவு காயாது. மலேசியாவில் பதிவான உச்சமே 1998 ஏப்ரலில் பெர்லிஸின் சூப்பிங்கில் பதிவான 40.1 டிகிரிதான். ஆனால் அந்த எண்களில் கவனிக்கவேண்டியது டேஷ்போர்டு. காடிக்குள் இருக்கும் காற்று மூன்று கன மீட்டர் என்று வைத்தால் எடை மூன்றரைக் கிலோ. அதை ஏர்கோன் இரண்டு நிமிடத்தில் ஒரு வழி பண்ணிவிடும். இருக்கையும் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் குடித்துவைத்திருக்கிற சூடுதான் இறங்காது. மூக்குக்குக் குளிர்ந்த காற்று வரும், முதுகு பொசுங்கும். ஏறுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே வேலையைத் தொடங்கச் சொல்வது இதற்காகத்தான்.

செலவு பெரிதில்லை. கொதித்துக் கிடக்கும் காடியில் தொடக்கத்தில் 3, 4 கிலோவாட் இழுக்கும். அடங்கிய பிறகு 1 கிலோவாட் சுமாருக்கு வரும். 60 யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரியில் ஒரு யூனிட் போவது கண்ணுக்கே தெரியாது. செருகியே வைத்திருந்தால் அதுவும் சுவர் மின்சாரத்தில் போய்விடும், பேட்டரி அப்படியே இருக்கும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

என் மகள் பினாங்கில், பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறாள். மின் காடி வைத்திருக்கிறாள், கூரை முழுக்கக் கண்ணாடி. (அந்தக் கூரையைப் பற்றித் தனி மடல் எழுதலாம். பனிநாட்டுக்காரன் வெயிலைத் தேடிப் போட்ட கூரையின் அடியில் நாம் வலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.) போன மாதம் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போயிருந்தோம். காடி கீழே வெட்டவெளியில் நின்றது. 500க்கு மேற்பட்ட படிகள். எனக்கு இறங்குவதுதான் சிரமம். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றபோது அவள் கைப்பேசியை எடுத்து எதையோ தட்டிவிட்டுச் சொன்னாள்: "காடிய கூல் பண்ணி வச்சிட்டேம்ப்பா."

அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இந்த இழையைப் படிக்கும்போதுதான் உறைத்தது. அவள் "முன்" என்று சொல்லவே இல்லை. "வச்சிட்டேன்" என்றாள்.

ஆசிரியர்கள் திருத்தலாம், ஆனால் எனக்குத் தெரிந்தவரை, பின்னால் உதவும் என்று இப்போதே ஒன்றைச் செய்வதற்குத் தமிழ் முன்னொட்டைத் தேடுவதில்லை. வை என்று முடிக்கிறது. "நாளைக்குத் தண்ணீர் தடை, பிடித்து வை." கோலாலம்பூரில் இதைச் சொல்லாத வீடு உண்டா? சோறு ஆக்கி வை, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வை, இடம் போட்டு வை. அந்த ஆங்கிலச் சொல்லின் முதல் பாதி செய்கிற வேலை முழுவதும் நம் "வை"க்குள் இருக்கிறது. அதை விட்டுவிட்டு முன்னா முற்றா என்று சந்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.

"எதையாவது உளறி வைக்காதே" என்கிறோமே, அங்கே வை கெட்ட காரியத்துக்கு வருகிறதே என்று ஒருவர் கேட்கலாம். வரட்டும். இடம் பார்த்துப் பொருள் தெரியும்.

பின்னால் வை நின்றுவிட்டது. முன்னால் எந்த வினை? முதலில் தணி என்றுதான் நினைத்தேன்: தணித்துவை. வெக்கை தணிவது, தாகம் தணிவது என்று நல்ல சுற்றம் உள்ள சொல். ஆனால் எழுதிப் பார்த்தபோது ஒன்று இடித்தது. நாம் சூட்டைத் தணிப்போம், கோபத்தைத் தணிப்போம். சூடான பொருளையே தணிப்பதாகச் சொல்வதில்லை. "காடியைத் தணித்தேன்" என்றால் காடி யார்மேலோ கோபமாக இருந்த மாதிரி இருக்கிறது.

முந்தாநாள் சாயங்காலம் மாமாக் கடையில் (இங்கே இந்திய முஸ்லிம் உணவுக்கடையை அப்படித்தான் சொல்வோம்) தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைத் தம்பி இரண்டு குவளையையும் தலைக்கு மேலே ஒன்றும் இடுப்புக்குக் கீழே ஒன்றுமாகப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தான். மலாயில் அது "இழுத்த" தேநீர். நாம் அதைச் சொல்வது ஆற்றுவது என்று. காப்பியை ஆற்று, பிள்ளைக்குப் பாலை ஆற்றி வை. சூடான பொருளையே நேரே செயப்படுபொருளாக எடுத்துக்கொள்கிற வினை! "காடியை ஆற்றிவை." சொல்லிப் பாருங்கள். என் மகளின் வாக்கியத்தில் கூல் பண்ணி என்பதை எடுத்துவிட்டு அப்படியே பொருத்தலாம்: காடிய ஆத்தி வச்சிட்டேம்ப்பா.

ஆகவே என் பரிந்துரை: செயலாக ஆற்றிவை, பெயராக ஆற்றிவைப்பு. திரையில் எல்லா நிலைக்கும் இது வளைகிறது. பொத்தானில் "ஆற்றிவை". ஓடும்போது "ஆற்றிவைக்கிறது, 8 நிமிடம்". முடிந்ததும் "ஆற்றிவைத்தாயிற்று". முன்குளிரூட்டலை வைத்து இந்த மூன்றையும் எழுதிப் பாருங்கள், ஒவ்வொன்றும் வரியைத் தாண்டும்.

எதிர்வாதங்களை நானே சொல்லிவிடுகிறேன். ஆற்றல் என்றால் இயற்பியலில் வேறு பொருள், அதுவும் மின் காடிப் பேச்சில் வரிக்கு வரி வரும் சொல். உண்மை. அதனால்தான் ஆற்றல் என்றோ ஆற்றுகை என்றோ தனியாக நிறுத்தாமல் வைப்போடு சேர்க்கிறேன். அப்புறம், ஆற்றினால் வெளிச்சூட்டுக்குத்தானே வரும், ஏர்கோன் அதற்கும் கீழே இறக்குகிறதே என்று அறிவியல் ஆசிரியர் கேட்பார். அதுவும் சரிதான். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 50 டிகிரியில் இருக்கும் இருக்கையை உட்காரும்படி ஆக்குவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி, அந்தப் பகுதிக்குச் சொல் பொருந்துகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். வைப்பு என்றதும் வங்கி வைப்புத்தொகை நினைவுக்கு வரும் என்றால், அதில் எனக்குச் சந்தோஷமே. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு பேசினால் கரைந்துபோகிற வைப்பு, அவ்வளவுதான்.

டொராண்டோ அன்பருக்கு: உங்கள் ஊருக்குச் சூடேற்றிவை. பேட்டரிக்கு வெதுப்பிவை, கொதிக்க வைக்காமல் வெதுவெதுப்புக்குக் கொண்டுவருவதுதானே அங்கே வேலை. மூன்று வேலைக்கு மூன்று வினை, பின்னால் ஒரே வை. பொதுத் தலைப்பு வேண்டுமென்றால் யாழ்ப்பாண நண்பரின் முற்சீராக்கம் இருக்கிறது.

ஒன்றே ஒன்று பாக்கி. டெஸ்லா 2016இல் கொண்டுவந்த வசதியையும் சிலர் இதோடு சேர்த்துக் குழப்பியிருக்கிறார்கள். ஆள் இறங்கிப் போனபின் 12 மணி நேரம் வரை உள்ளே ஏறத்தாழ 40 டிகிரியைத் தாண்டாமல் அது பார்த்துக்கொள்ளும். பேட்டரி 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் விட்டுவிடும். இது ஆற்றிவைப்பு அல்ல. யாரும் ஏறப்போவதில்லை, உள்ளே அடைபட்டு வெந்துபோகாமல் காப்பது மட்டுமே. அடைபட்ட சூட்டுக்கு நம்மிடம் புழுக்கம் என்ற சொல் இருக்கிறது, புழுங்கல் அரிசியும் அதே வேர்தான். புழுக்கக் காப்பு என்று போடலாம். "மிகைவெப்பப் பாதுகாப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது மின்மாற்றிக்கு எழுதிய மாதிரி இருக்கிறது.

கறுப்புக் கண்ணாடி ஒட்டினால் இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு ஒரு வரி. வெயிலின் ஆற்றலில் பாதிக்குமேல் கண்ணுக்குத் தெரியாத கதிர், கறுப்பாக இருப்பதாலேயே அது நிற்காது. முன்கண்ணாடியில் 70 விழுக்காடு, முன்பக்கக் கதவுகளில் 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வரவேண்டும் என்பது மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகா விதி. பின்பக்கத்துக்கு 2019இலிருந்து கட்டுப்பாடு இல்லை.

ஜார்ஜ்டவுன் அக்கா, ஆற்றிவை என்பதைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து ஆற்றி வை என்று எழுதுவதா? துணைவினை சேரவேண்டும் என்று நீங்கள் முன்பு ஒருமுறை எழுதிய நினைவு, அதனால் சேர்த்தே எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னீர்கள் என்றால் வாக்கெடுப்புப் பட்டியலில் ஏற்றிவைக்கிறேன்.

அன்புடன்,
செந்தூல் பட்டறைக்காரன்