ஜிம்முக்கு ஒயர் இல்லாத இயர்போன்: வலது பக்கம் பாதியிலேயே அணைகிறது, புதிது வாங்கினால் எந்த வகை?

வேளச்சேரி வாசி (கேள்வி):

நான் போவது ஏசி இல்லாத ஜிம். விடியற்காலையில் போனாலும் முதல் இரண்டு செட் முடிவதற்குள் பனியனைப் பிழியலாம், அந்த அளவுக்கு வியர்க்கிறது. இப்போது கையில் இருப்பது போன வருடம் வாங்கிய சின்ன இயர்பட்ஸ். பெட்டியில் ‘ஸ்வெட்ப்ரூஃப்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது, ஆனால் தூசி, தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண் எதுவும் இல்லை.

வலது பக்கம் பயிற்சியின் பாதியிலேயே அணைந்துவிடுகிறது. இரவெல்லாம் கேஸில் வைத்திருந்தாலும் சில நாள் சார்ஜ் ஏறியிருக்கிறது, சில நாள் ஏறுவதே இல்லை. பர்ப்பி, ஸ்கிப்பிங் செய்தால் நழுவுகிறது. பெஞ்சில் படுத்தால் நெற்றி வியர்வை நேராகக் காதுக்கு இறங்கி, பட்ஸ் வழுக்கித் திரும்பிவிடுகிறது. அப்புறம் டவலால் முகம் துடைத்தாலே டச் பட்டுப் பாட்டு நின்றுவிடுகிறது.

வாரத்தில் பாதி நாள் ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட். மீதி நாள் டிரெட்மில். ஆண்ட்ராய்டு போன். ₹3,000 என்று நினைத்தேன், உண்மையிலேயே உழைக்கும் என்றால் ₹5,000 வரை போகலாம். கழுத்தில் மாட்டும் நெக்பேண்டா, காதைச் சுற்றி மாட்டும் ஹூக் வைத்ததா, எலும்பு வழியாகக் கேட்கும் போன் கண்டக்‌ஷனா, காதை மூடும் பெரிய ஹெட்போனா? ஜிம்மில் ஒருவரைக் கேட்டால் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார்.

ரிச்சி தெரு சர்வீஸ்:

புதிது வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். வலது பட்ஸின் அடியில் சார்ஜ் ஏறும் சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும், அதையும் கேஸின் குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங் பின்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ படிந்திருந்தால் உங்கள் பாதிப் பிரச்சினைக்குக் காரணம் அதுதான். வியர்வை வெறும் தண்ணீர் இல்லை, உப்பு. ஈரத்தோடு கேஸில் போட்டு மூடியதும் அந்த உப்புத் தண்ணீர் வழியாகக் கரண்ட் பாய்கிறது, மேலே இருக்கும் தங்க முலாம் அரித்துப் போய் உள்ளே இருக்கும் செம்பு பச்சை பிடிக்கிறது. பழுதுக்கு வரும் பட்ஸில் பேட்டரி போனதைவிட இதுதான் அதிகம் என் மேசைக்கு வருகிறது.

கடையில் ஐபிஏ என்று கேட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தருவார்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் லேசாகத் தொட்டு, பிழிந்த மாதிரி ஈரம் இருந்தால் போதும், புள்ளிகளை மட்டும் தேயுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும், பிசுபிசுப்பு தங்கிவிடும். ஊசி, பிளேடு எதையும் வைத்துச் சுரண்டாதீர்கள், மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும். நன்றாகக் காய்ந்த பிறகு சார்ஜ் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இரும்பு தூக்குபவன்:

சர்வீஸ் அண்ணன் சொன்னதைச் செய்துவிடுங்கள், வகையைப் பற்றி நான் சொல்கிறேன். ஸ்குவாட் போடுபவர் நெக்பேண்ட் பக்கமே போக வேண்டாம். பார் (எடை மாட்டும் கம்பி) உட்கார வேண்டிய இடத்தில்தான் அதுவும் உட்காரும். பாரைத் தோளில் ஏற்றும்போது பாருக்கும் கழுத்துக்கும் நடுவில் அது மாட்டிக்கொள்ளும், கழற்றிச் சட்டைக்குள் திணித்தால் பெஞ்சில் படுக்கும்போது முதுகில் குத்தும். தொலையாது, விலை குறைவு, பேட்டரி நீண்ட நேரம் வரும், எல்லாம் சரி. நடைக்கும் ஆபீஸ் காலுக்கும் நல்லது, பாருக்கு ஆகாது.

பெரிய ஹெட்போன் குளிர்ந்த ஏசி ஜிம்மில் சிலருக்கு ஒத்துவரும். உங்கள் இடத்தில் குஷன் நனைந்து நாறும். இன்னொன்று, சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 மாதிரி விலை உயர்ந்ததற்கே ஐபி எண் கிடையாது, வியர்வைக்கென்று செய்யப்பட்டதே இல்லை. பெஞ்சில் தலை வைத்தால் வேறு மேல் பட்டை தள்ளிக்கொண்டு முன்னால் வரும்.

மிஞ்சுவது ஹூக் வைத்த பட்ஸ்தான். காதுக்குள் பிடிமானம் வழுக்கினாலும் ஹூக் மேலே தாங்கும், பர்ப்பியில் கீழே விழாது. என் ஓட்டு அதற்குத்தான்.

கோவை ஓட்டக்காரர்:

போன் கண்டக்‌ஷனை யாரும் பேசவில்லையே. ரேஸ் கோர்ஸில் ஓடும்போது நான் அதைத்தான் போடுகிறேன். காது திறந்தே இருப்பதால் பின்னால் வரும் சைக்கிள் கேட்கும், காதுக்குள் வியர்வை தேங்காது, மணிக்கணக்கில் போட்டாலும் காது வலிக்காது. ஷாக்ஸ் ஓப்பன்ரன் 26 கிராம்தான், ஐபி67. டிரெய்னர் கூப்பிட்டாலும் உடனே காதில் விழும்.

இரும்பு தூக்குபவன்:

ரோட்டில் ஓடுவதற்கு நீங்கள் சொல்வதை மறுக்கவே மாட்டேன், அங்கே அதுதான் பாதுகாப்பு. ஜிம் வேறு. ஸ்பீக்கரில் அவர்கள் போடும் குத்துப்பாட்டு திறந்த காது வழியாக முழுசாக வரும், நம் பாட்டு அதற்கடியில் அமுங்கிவிடும், சத்தத்தைக் கூட்டினால் கன்னத்து எலும்பில் நமநமவென்று அதிரும். பின்னந்தலையைச் சுற்றி வரும் கம்பி பெஞ்சில் இடித்து, பேட் காதுப்பக்கத்திலிருந்து கிளம்பிவிடும். டிரெட்மில் மட்டும் என்றால் வாங்கச் சொல்லியிருப்பேன்.

கோவை ஓட்டக்காரர்:

பெஞ்ச் விஷயம் உண்மை, படுத்துச் செய்யும் பயிற்சிக்கு நான் அதைப் போட்டுப் பார்த்ததில்லை. ஸ்பீக்கர் அலறும் ஜிம் என்றால் ஹூக்கே சரி.

வேளச்சேரி வாசி:

சர்வீஸ் அண்ணா, அப்படியே இருந்தது. வலது பக்கம் இரண்டு புள்ளியில் ஒன்று முழுக்கப் பச்சை. கேஸ் பின்னிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. துடைத்ததும் லைட் எரிந்தது, நேற்று முழுப் பயிற்சியும் அணையாமல் ஓடியது, மிகவும் நன்றி. ஆனால் நழுவுவது அப்படியேதான் இருக்கிறது, அதனால் ஹூக் வைத்தது வாங்கப் போகிறேன். ஐபிஎக்ஸ்4, ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்7, ஐபி55 என்று போட்டிருக்கிறார்கள், எண் பெரிதானால் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

ரிச்சி தெரு சர்வீஸ்:

ஓரளவுக்குத்தான். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. எக்ஸ் என்றால் அந்தச் சோதனைக்கு எண் கொடுக்கவில்லை என்று பொருள், தூசி போகாது என்று அர்த்தம் இல்லை. 4 என்பது எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீர். 5 என்பது குழாயில் பீய்ச்சி அடிப்பது. 7 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் முக்கி வைப்பது. முக்கினால் தாங்குவது பீய்ச்சினாலும் தாங்கும் என்று கிடையாது, இரண்டும் தனித்தனிச் சோதனை. எல்லாமே நல்ல தண்ணீரில் செய்கிறார்கள், உப்பு வியர்வையில் இல்லை.

ஏசி ஜிம்முக்கு 4 போதும். உங்கள் மாதிரி சொட்டச் சொட்ட வியர்ப்பவருக்கு 5 அல்லது 7 பாருங்கள். ஜேபிஎல் எண்டூரன்ஸ் பீக் 3 மாதிரி ஹூக் வைத்தே ஐபி68 இருக்கிறது, பட்ஜெட்டில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். எண்ணே போடாமல் ‘ஸ்வெட்ப்ரூஃப்’ என்று மட்டும் எழுதியிருப்பதை எடுக்க வேண்டாம். முக்கியமான ஒன்று, பெரும்பாலும் அந்த எண் பட்ஸுக்குத்தான், கேஸுக்கு இல்லை. ஐபி68 வாங்கினாலும் ஈரத்தோடு கேஸில் போட்டால் பழைய கதைதான். பருத்தித் துணியில் துடைத்து, பத்து நிமிடம் வெளியே விட்டு, அப்புறம் உள்ளே வையுங்கள்.

டச் தொல்லைக்கு, அழுத்தும் பட்டன் வைத்ததாகத் தேடுங்கள். நனைந்த விரலுக்கும் டவலுக்கும் பட்டன்தான் ஏமாறாது. கிடைக்காவிட்டால் ஆப்பில் ஒற்றைத் தட்டலை அணைத்து, மும்முறைத் தட்டலை மட்டும் வைத்துக்கொள்ளலாம், பல பிராண்டில் அந்த வசதி உண்டு.

காது பரிசோதனைப் பிரிவிலிருந்து:

நான் ஆடியோமெட்ரி பக்கம் வேலை செய்கிறேன், இரண்டு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். பலருக்கு இரண்டு காதுத் துளையும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெட்டியில் வரும் சிலிகோன் டிப் மூன்றையும் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், இடதுக்கு நடுத்தரம் வலதுக்குப் பெரியது என்று அமைந்தால் அப்படியே போடலாம், தவறில்லை. போட்டதும் வெளிச்சத்தம் சட்டென்று குறைந்து பேஸ் (கனத்த அடிச்சத்தம்) கூடினால் அளவு சரி. உங்கள் வலது பட்ஸ் நழுவுவதற்குக்கூட இது காரணமாக இருக்கலாம் தம்பி.

டிப் சரியாக அடைத்தால் சத்தத்தை ஏற்ற வேண்டிய தேவையே வராது, இதுதான் எனக்கு முக்கியம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபலுக்குப் போனால் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. ஜிம் ஸ்பீக்கருக்கு மேலே நம் பாட்டைக் கேட்க வேண்டும் என்று ஏற்றினால் அந்த 4 மணி நேரம் வாரம் முடிவதற்கு முன்பே தீர்ந்துபோகும். பயிற்சி முடிந்து காதில் கீச்சென்று ஒலி கேட்டுக்கொண்டே இருந்தால் அன்றைக்குச் சத்தம் அதிகம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, ஈரக் காதை அடைத்தே வைத்தால் பூஞ்சைத் தொற்று வரலாம், கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். அரிப்பு, அடைப்பு, நீர் வடிதல் இருந்தால் பட்ஸை நிறுத்திவிட்டுக் காது மருத்துவரைப் பாருங்கள், எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம்.

வேளச்சேரி வாசி:

வலதுக்குப் பெரிய டிப் போட்டதும் பழையதே கொஞ்சம் நிற்கிறது அக்கா. ஆனாலும் பெஞ்சில் வழுக்குகிறது. ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலிங் இருப்பதற்குக் கூடக் கொடுக்கலாமா?

இரும்பு தூக்குபவன்:

அதற்காகக் காசைக் கூட்ட வேண்டாம். ஃபேன், டிரெட்மில் மோட்டார் மாதிரி ஒரே சீராக இரையும் சத்தத்தை அது குறைக்கும், டம்பெல் தடாலென்று விழுவதை நிறுத்தாது. அடைத்த டிப்போடு ஓடினால் நம் காலடியே தலைக்குள் தொம் தொம் என்று கேட்கும், அதையும் அது போக்காது. அதற்குப் பதிலாக வெளிச்சத்தத்தை உள்ளே விடும் மோட் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாகக் கனமாகத் தூக்கும்போது பக்கத்தில் ஒருவர் ‘அண்ணே, பின் லூசு’ என்று கத்தினால் கேட்டாக வேண்டும்.

கோவை ஓட்டக்காரர்:

கூட்டமான நேரத்தில் பாட்டு வெட்டி வெட்டி வந்தால் பட்ஸைக் குறை சொல்லாதீர்கள். எல்லார் ப்ளூடூத்தும், பல வைஃபையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது, நம் உடம்பும் அந்த அலையை உறிஞ்சும். போனின் ப்ளூடூத் அமைப்பில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை (கோடெக்) எல்டிஏசி என்று இருந்தால் ஏஏசிக்கு மாற்றுங்கள், போனை லாக்கரில் விடாமல் பாக்கெட்டில் வையுங்கள்.

ரிச்சி தெரு சர்வீஸ்:

வாங்கும்போது முடிந்தால் கடையிலேயே போட்டு, குனிந்து நிமிர்ந்து, தலையை இரண்டு பக்கமும் உதறிப் பாருங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியோடு ஹூக்கை மாட்டிப் பாருங்கள், இரண்டும் ஒரே இடத்தில் அழுத்தினால் அரை மணி நேரத்தில் காது மடல் வலிக்கும். வாரண்டி அட்டையில் தண்ணீர் பட்ட பழுது சேருமா என்ற வரியையும் படித்துவிட்டே பணம் கொடுங்கள். பல கம்பெனி ஐபி எண்ணைப் பெட்டியில் பெரிதாகப் போட்டுவிட்டு அந்த வரியில் கைவிரித்துவிடும்.