வெறும் சாக்கின் எடை

இளம் பிள்ளைகள் தேயிலைத் தோட்ட வேலையில் நிற்பதில்லை என்று இங்கே எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பதினெட்டு வருடமாக வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கிறேன். எனக்கு நடந்ததையும் சொல்கிறேன்.

2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1000 ரூபாயிலிருந்து 1350 ஆனது. அந்தச் சமயத்தில் எங்கள் டிவிஷனில் ஆறு இளம் பிள்ளைகள் புதிதாகப் பேர் பதிந்தார்கள். எல்லோரும் உயர்தரம் வரை படித்தவர்கள்.

ஒரு மழை நாள், மத்தியானக் கொழுந்து நிறுவை. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் வரிசை. தராசு 11 கிலோ காட்டியது, வழக்கம்போல 9 என்று எழுதினேன். சாக்குக்கும் ஈரத்துக்கும் 2 கிலோ கழிப்பது எனக்கு முன்பிருந்தே உள்ள பழக்கம். அந்த ஆறு பேரில் ஒரு பிள்ளை நகரவில்லை. "ஐயா, வெறும் சாக்க ஒருக்கா தராசுல போடுங்களேன்" என்றாள். வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்கு முகம் கறுத்துவிட்டது. எனக்கும் கோபம்தான். "அடுத்த ஆள் வா" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. காலை, மத்தியானம், பின்னேரம் என்று நாளுக்கு மூன்று நிறுவை. மூன்றிலும் கழித்தால் 6 கிலோ. எங்கள் தோட்டத்தில் 18 கிலோவுக்குக் குறைந்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், கிடையாது.

மறுநாள் மடுவத்தில் எல்லோருக்கும் முன்னால் நனைந்த சாக்கைத் தராசில் வைத்தேன். முக்கால் கிலோகூட வரவில்லை. இலையில் ஒட்டிய ஈரம் வேறு, சரி. ஆனால் நல்ல வெயில் நாளிலும் அதே 2 கிலோவைக் கழித்து எழுதியவன் நான். அதை நினைத்தால் இன்னமும் மனம் கூசுகிறது. தோட்ட நிர்வாகியான துரையிடம் பேசினேன். சாக்குக்கு 1 கிலோ, மழை பெய்தால் மட்டும் இன்னொரு கிலோ என்று ஆனது.

அப்புறம் அந்தப் பிள்ளைகள் சம்பளச் சீட்டைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். ஓய்வுக்காலத்துக்கான ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அப்போதைய 1350 ரூபாயில் 108 ரூபாய் பிடிபடுகிறது, கம்பனி தன் பங்குக்கு 12 வீதம் போடுகிறது என்று உட்கார்ந்து விளங்கப்படுத்தினேன். பத்து நிமிட வேலை. இத்தனை வருடமாக அதைச் செய்யவில்லை.

ஆறு பேரில் இரண்டு பேர் கொழும்புக்குப் போய்விட்டார்கள், ஒருத்தி கல்யாணம் முடித்துப் போனாள். மற்ற மூவரும் நிற்கிறார்கள். சாக்கைப் பற்றிக் கேட்ட பிள்ளைதான் இப்போது நிறுவைக் கொப்பி எழுதுகிறாள்.

கொட்டகலையிலிருந்து ஒரு சகோதரி:

அண்ணன், நீங்கள் செய்தது பெரிய விஷயம். நான் இரண்டு வருடம் கொழுந்து பறித்துவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனவள். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கே கதவு சாத்தக்கூடிய மலசலகூடம் இருக்கிறது. கொழுந்து பறிக்கும் மலையில் மாதவிடாய் நாட்களில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்போம். துணி மாற்றுவதென்றால் தேயிலைக்குள் இரண்டு பேர் இடுப்பில் கட்டும் படங்குத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இதை எந்தக் கங்காணியிடம் போய்ச் சொல்வது?

பதில்:

தங்கச்சி, இந்தப் பதினெட்டு வருடத்தில் இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எங்கள் 7ஆம் நம்பர் மலையிலிருந்து வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போய்வர ஒன்றரை மணி நேரமாகும். மடுவத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. மலசலகூடம் கட்டக் கேட்டு, திங்கட்கிழமை துரையைக் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டப் போகிறேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும் என்றும் சொல்கிறேன்.