எக்ஸ்ரே எடுக்கும்போது அம்மாவ பிடிச்சுக்கலாமா?

குன்னூர்வாசி: அம்மாவுக்கு சளி விடவே மாட்டேங்குது, நாளைக்கு ஊட்டில செஸ்ட் எக்ஸ்ரே, தனியா நிக்க முடியாது நான் பிடிச்சுக்கிட்டா எனக்கு ஏதாவது ஆகுமா? அந்த கதிர் ரூம்ல தங்குமா?

கோத்தகிரி டெக்னீசியன்: தங்காதுங்க. மெஷின் ட்யூப்ல ஃபிலமென்ட்ங்கற சூடான கம்பில இருந்து வர்ற எலக்ட்ரான் வேகமா போய் டங்ஸ்டன் உலோகத்துல மோதும்போதுதான் எக்ஸ்ரே வருது, அந்த எலக்ட்ரானோட சக்திலயும் சுமார் 99 சதவீதம் வெறும் சூடாவே போயிடும், எக்ஸ்போஷர் முடிஞ்சா கதிரும் நின்னுடும். முதல்ல உட்கார வெச்சு எடுக்க முடியுமான்னு கேளுங்க. பிடிச்சே ஆகணும்னா லெட் ஏப்ரன் (ஈயக் கவசம்) போடுங்க, கதிர் நேரா வர்ற பீம்ல கை வராம பாத்துக்கங்க. கர்ப்பமா இருக்கறவங்க பிடிக்கவே கூடாது.

மலைப்பாதை: கதிர் வர்ற இடத்துல இருந்து தூரம் ரெண்டு மடங்கானா டோஸ் (நம்ம மேல படற கதிர் அளவு) நாலுல ஒண்ணுதான். செஸ்ட் எக்ஸ்ரே எடுக்கறவங்களுக்கே சுமார் 0.1 மில்லிசீவர்ட்தான் (கதிர் டோஸ் அளக்கற அலகு), சும்மா இருந்தாலே இயற்கைல இருந்து வருஷத்துக்கு உலக சராசரி 2.4 மில்லிசீவர்ட் வருது, நம்ம மலை உயரத்துக்கு காஸ்மிக் கதிர் வேற கொஞ்சம் ஜாஸ்தி 😄

குன்னூர்வாசி: பழைய ஃபிலிமும் கொண்டு போகவா?

கோத்தகிரி டெக்னீசியன்: கண்டிப்பா, டாக்டர் ஒப்பிட்டுப் பாப்பாரு.