நிலா கோட்டை கட்டியிருக்கு, நெல் களத்தில் கிடக்கு

சொந்தங்களுக்கு வணக்கம். மேலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். நேற்று ராத்திரி 10 மணிபோல நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம். கையை நீட்டி, கட்டைவிரலை நிலா மேல் வைத்துச் சாண் விரித்தேன். சுண்டுவிரல் நுனி வட்டத்தைத் தொட்டது. அப்படியென்றால் 22 டிகிரி வட்டம். ரொம்ப உயரத்தில் மெல்லிய வெண்மேகம் பரவி, அதிலுள்ள அறுகோணப் பனித்துகள்கள் நிலவொளியை வளைப்பதால் வருவது. நிலாவை ஒட்டிச் சின்னதாக, நிறம் கலந்து தெரியுமே, அது வேறு. பெரும்பாலும் நீர்த்துளிகளால் வருவது.

"அகல வட்டம் பகல் மழை" என்று அப்பத்தா சொல்லும். அந்த மேகம் சில நேரம் மழைக்கு முன்னால் வரும், சில நேரம் சும்மா கலைந்துபோகும். எனக்கோ களத்தில் 2 ஏக்கர் நெல் காய்கிறது. போன வருஷம் நனைந்து முளைவிட்டதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அழகர்மலை, நத்தம், திருமங்கலம் பக்கம் இருப்பவர்கள் நேற்று வட்டத்தைப் பார்த்தீர்களா? முன்பு பார்த்தபோது எத்தனை நாளில் மழை இறங்கியது? தார்ப்பாய் வாடகைக்குத் தருபவர் தெரிந்தாலும் சொல்லுங்கள், பொழுது சாய்வதற்குள் மூடவேண்டும்.